கடலோரப் புல்லும் ஒப்படைக்கும் தேதியும்

பினாங்கில் கடலை ஒட்டிப் புல் பதிக்கச் சொல்கிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து, "எப்போ முழுசாகப் பச்சையாகும்?" என்பார்கள். மண் எப்படிப்பட்டது, பாய்ச்சும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அலைச் சாரல் எதுவரை அடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தஞ்சோங் தோக்கோங்கில் தொடங்கி பத்து பெரிங்கி வழியாக தெலுக் பஹாங் வரை உள்ள வடக்குக் கரையில் தோட்டப் பராமரிப்பு வேலை செய்து பிழைக்கிறவன் நான். அந்தச் சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் கொண்டோ அடுக்குமாடிகளின் முன்னால் கிடக்கும் புல்வெளிகளைப் பற்றி எனக்கு ஒரு புகார் உண்டு. பெரும்பாலான இடங்களில் அங்கே இருக்கவே கூடாத புல்லைப் போட்டுவிட்டு, வருஷா வருஷம் அதைக் காப்பாற்றப் பணம் செலவழிக்கிறார்கள்.

இங்கே புல் என்றாலே கவ் கிராஸ்தான். அகன்ற இலை, அடர்ந்த பச்சை. 1 அடிக்கு 2 அடி துண்டுகளாக லோரியில் வந்து இறங்கும். காலையில் அடுக்க ஆரம்பித்தால் பொழுது சாய்வதற்குள் செம்மண் மேடு புல்வெளியாகிவிடும். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. ஓரளவு நிழலைத் தாங்கும், புளிப்பு மண்ணில் வளரும், எத்தனை முறை வெட்டினாலும் திரும்பத் துளிர்க்கும். தாமான் என்னும் குடியிருப்புகளின் திடல்களிலும் பள்ளி மைதானங்களிலும் அது செய்யும் வேலைக்கு நான் குறை சொல்ல மாட்டேன். உப்பு மட்டும் அதற்கு ஆகாது.

கதை எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். கட்டடம் முடிந்து ஒப்படைக்கும் நேரத்தில், கடல் மணலை நிரவி, மேலே அரை அடிக்குச் செம்மண் கொட்டி, கவ் கிராஸைப் பதித்துவிடுவார்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் பளபளவென்று நிற்கும். படம் எடுப்பார்கள், விளம்பரத்தில் போடுவார்கள். டிசம்பர் போகப் போக மழை குறையும். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையிலுள்ள கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளத்தில் தவிக்கவிடும் காலத்தில், நடுவில் மலைத்தொடர் மறித்துக்கொள்வதால் பினாங்கு காய்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் இந்தக் கரையில் வெயில் மட்டும்தான். அப்போது கடல் பக்கத்து ஓரத்தில் முதலில் ஒரு பழுப்புக் கோடு தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஏற்றம் வந்து சுவர் மேல் தண்ணீர் தெறித்தால், அந்தக் கோடு பட்டையாக அகலும். அப்புறம் எனக்கு போன் வரும்.

என்ன நடக்கிறது என்றால், உப்பு மூன்று பக்கமாக அடிக்கிறது. வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு ஏறினால், மண் ஈரமாக இருந்தும் வேரால் அந்த நீரை இழுக்க முடியாது. புல் தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் வாடும். இது முதலாவது. இழுக்கும் கொஞ்சநஞ்ச நீரோடு சோடியமும் குளோரைடும் இலைக்குள் போய்ச் சேர்ந்து, இலை நுனியிலிருந்து கருகத் தொடங்கும். இது இரண்டாவது. மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. கொட்டிய மண் களிமண் சேர்ந்ததாக இருந்தால், சோடியம் அதன் துகள்களைப் பிரித்து விலக்கிவிடும். காய்ந்ததும் மேல்பரப்பு மூடி போட்டதுபோல் இறுகிவிடும். அதன் பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்காமல் மேலேயே ஓடிவிடும். இறங்கினால்தானே உப்பைக் கழுவிக்கொண்டு போகும்? ஆக, நல்லது என்று நினைத்துக் காசு கொடுத்துக் கொட்டிய மண்ணே உப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கீழே இருக்கும் வெறும் மணலே இதைவிட மேல். நல்ல மழை பெய்தால் மணலிலிருந்து உப்பு சீக்கிரம் இறங்கிவிடும்.

அளவு வேண்டுமென்றால், கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பது உலகப் பொதுக்கணக்கு. மண்ணின் உப்பை, மின்சாரம் கடத்தும் திறனைக் காட்டும் இசி மீட்டரில் அளப்பார்கள்; அதன் அலகு மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்பது. மண் சாற்றில் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் மண் என்பது மண் அறிவியலில் வகுத்துவைத்த எல்லை. கடல் நீரே ஏறக்குறைய 50 காட்டும். ஒரு இசி மீட்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை. ஒரு லோரி புல் வாங்கும் முன் அதை வாங்கலாம் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன், வாங்கினவர்கள் குறைவு.

புல் பழுத்ததும் எல்லா நிர்வாகங்களும் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: தண்ணீரைக் கூட்டு. அதையும் சாயங்காலம் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பார்கள். ஒரு அங்குலம் நனையும். மறுநாள் வெயிலில் அந்த ஈரம் மேலேறி ஆவியாகும். கீழிருந்த உப்பு மேலே வந்து தங்கும். தினமும் தெளிப்பதற்குப் பதில், வாரத்துக்கு ஓரிரு முறை ஆழமாக ஊற இறைத்தால் உப்பு வேருக்குக் கீழே தள்ளப்படும். ஆனால் தோட்டக்காரர் தினமும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் வேலை நடப்பதாகத் தெரிகிறது, என்ன செய்வது!

இந்தக் கரைக்கென்றே ஒரு புல் இருக்கிறது. மணிலா கிராஸ் என்பார்கள். தாவரப் பெயர் சோய்சியா மத்ரெல்லா. சிங்கப்பூரில் சிக்லாப் கிராஸ் என்ற பெயரும் உண்டு. இந்தியப் பெருங்கடல் ஓரத்திலிருந்து வட ஆஸ்திரேலியா வரை வெப்பமண்டல ஆசியக் கரைகள் முழுக்க இதன் சொந்த இடம்; நம் பெரியவர்கள் கப்பல் ஏறிய கரையிலும் உண்டு, இறங்கிய கரையிலும் உண்டு. பாறை இடுக்கில், ஏற்றம் தொடும் கோட்டுக்குச் சற்று மேலே, மணல் தெரியாதபடி பின்னிக் கிடக்கும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றினதில்லை. நடந்து போகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியாது.

இதன் இலையில் இரண்டே செல்களால் ஆன நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளே வந்த உப்பில் ஒரு பகுதியை அவை வெளியே தள்ளிவிடும். சில நாள் மழை இல்லாமல் இருந்து, வெயில் ஏறிய பிறகு குனிந்து பார்த்தால் இலை மேல் மெல்லிய வெள்ளைப் பொடி தெரியும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். நூறு வார்த்தை சொல்வதைவிட இது மனதில் நிற்கும். (பூச்சிமருந்து அடித்த இடத்தில் செய்ய வேண்டாம். இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது செய்துவிடுவார்கள்.) மழை வந்தால் அந்தப் பொடி கழுவிக்கொண்டு போய்விடும். சாரலையும் எப்போதாவது வரும் கடல் வெள்ளத்தையும் தாங்கும். தினமும் நீரில் மூழ்கும் இடத்தில் மட்டும் இதை வைக்கக் கூடாது.

வாங்கும்போது கவனம் தேவை. நர்சரிகளில் 'ஜப்பான் கிராஸ்' என்று ஒரே பெயரில் இரண்டு மூன்று சோய்சியாவை விற்கிறார்கள். மயிர்போல் மெல்லிய இலையோடு குமிழ் குமிழாக மேடு தட்டி வளர்வது வேறு இனம். கோயில் முகப்பிலும் வீட்டுக் கல்லிடுக்கிலும் அழகாக இருக்கும், நடக்கும் இடத்துக்கு உதவாது. நமக்கு வேண்டியது சமதளமாகப் படர்வது, இலை குறுகலாக, கொஞ்சம் விறைப்பாக இருப்பது. சந்தேகமாக இருந்தால் ஒரு தட்டு மட்டும் வாங்கிக் கடல் பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு லோரிக்குச் சொல்லலாம்.

கடலோரப் புல் என்று வேறு சிலவும் உண்டு. கடலோர கோல்ஃப் திடல்களில் போடும் பஸ்பாலம், உப்பு தாங்குவதில் மணிலாவுக்குச் சளைத்ததல்ல. உப்பு கலந்த நீரையே பாய்ச்சி வளர்க்கிறார்கள். பல கண்டங்களின் கரைகளிலும் கிடப்பதால், அது நம் ஊர்ப் புல்லா வந்த புல்லா என்று சொல்வது எளிதில்லை. ஆனால் அதற்கு ஆள் வேண்டும், உரம் வேண்டும், அடிக்கடி வெட்ட வேண்டும். கோல்ஃப் கிளப்புக்குக் கட்டுப்படியாகும். நூறு வீட்டுக் கொண்டோவுக்கு ஆகாது.

ராவணன் மீசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலாய்க்காரர்கள் ரும்புட் லாரி என்பது இதைத்தான். கூரான இலைகள், பந்துபோன்ற விதைத்தலை. காற்று அடித்தால் அந்தப் பந்து கழன்று மணலில் உருண்டு ஓடும். நகரும் மணலைப் பிடித்து நிறுத்துவதில் இதற்கு இணை இல்லை. என்னிடம் வேலை செய்த ராமநாதபுரத்து ஆள் ஒருவர் இதன் படத்தைப் பார்த்ததும், "அண்ணே, இதையா நடப்போறீங்க? எங்க ஊர்ல செருப்பு இல்லாம இதுல கால் வைக்க மாட்டோம்" என்றார். அவர் சொன்னது சரி. பிள்ளைகள் ஓடும் இடத்துக்கு இது வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத மணல் மேட்டுக்குத்தான் இது பொருந்தும்.

மணிலாவை நடுவதில் சூட்சுமம் ஒன்றும் பெரிதாக இல்லை, பொறுமைதான் வேண்டும். செம்மண் வேண்டாம். இருக்கும் மணலில் மட்கிய உரத்தைக் கொஞ்சம் கலந்தால் போதும். ஏற்கெனவே களிமண் கொட்டி இறுகிப் போயிருந்தால், ஜிப்சம் தூவி நல்ல தண்ணீர் விட்டு இறக்க வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், பிறகு நீர் அதை அடித்துக்கொண்டு போகும். ஆனால் தண்ணீர் வடிய வழி இல்லாத இடத்தில் எத்தனை மூட்டை ஜிப்சம் போட்டும் பயனில்லை. வடிகால் முதல், மற்றதெல்லாம் பிறகு. புல்லைக் கைப்பிடிக் கொத்துகளாகப் பிரித்து ஒரு சாண் இடைவெளியில் நடலாம். முழுத் துண்டுகளாக அடுக்குவதைவிடச் செலவு மிகக் குறைவு. மழை தொடங்கும் நேரத்தில் நட்டுவிட வேண்டும். வறண்ட மாதங்களுக்குள் வேர் இறங்கியிருந்தால் பாதிக் கவலை விட்டது.

மீதிக் கவலை களை. மணிலா மெதுவாகத்தான் படரும். தரைக்கு மேலும் கீழும் தண்டு ஓட்டித்தான் இடத்தைப் பிடிக்கும். அதற்குள் இடைவெளியில் கோரையும் தொட்டாற்சிணுங்கியும் குடியேறிவிடும். கோரைக்குக் கீழே கிழங்கு இருப்பதால் மேலே பிடுங்கினால் மறுபடி வரும். தோண்டித்தான் எடுக்க வேண்டும். முதல் சில மாதங்களில் கையால் களை எடுக்கும் கூலிதான் இந்த வேலையின் உண்மையான செலவு. புல்லின் விலை இல்லை. இதை மதிப்பீட்டில் எழுதாமல் விட்டு, பிறகு 'நாட்டுப் புல் சரிப்பட்டு வரவில்லை' என்று எழுதிவைத்த ஒப்பந்தக்காரர்களை எனக்குத் தெரியும். சிலர் கடல் நீரை ஊற்றிக் களையைக் கொல்லலாம் என்பார்கள். உப்பு தாங்கும் புல்லும் வெறும் மணலும் என்றால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. மண் கொட்டிய இடத்தில் செய்தால், முன்னால் சொன்ன மூடி வந்து சேரும்.

ஒருமுறை பின்னிக்கொண்டுவிட்டால் களைக்கு உள்ளே நுழைய இடம் இருக்காது. பிறகு வெட்டுவதும் குறைவு. ஆனால் இலை விறைப்பானது. மழுங்கிய கத்தி அறுக்காமல் கிழிக்கும், நுனி வெளுத்துப்போகும். தோளில் மாட்டும் மெஷினால் தரையோடு சுரண்டுவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். கவ் கிராஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், மணிலா மீண்டு வர ரொம்ப நாள் எடுக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் அடியில் செத்த தண்டுகள் மெத்தைபோல் சேர்ந்து, தண்ணீர் உள்ளே இறங்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பொருத்தமான புல் இருந்தும் இந்தக் கரையில் ஏன் குறைவு? உப்பு காரணமில்லை. ஒப்பந்தத் தாள்தான் காரணம். ஒப்படைக்கும் நாளில் தரை முழுவதும் பச்சையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். கொத்துக் கொத்தாக நட்ட மணிலா அந்த நாளில் புதிதாக முடி முளைக்கும் தலைபோல் இருக்கும். அதை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அதனால் மேம்பாட்டாளர் கவ் கிராஸைப் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உப்பின் கணக்கு அடுத்த ஆண்டு, குடியிருப்போரின் பராமரிப்புக் கட்டணத்தில் வந்து விழும்.

இரண்டாவது காரணத்தைச் சொன்னால் என் தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். எங்களுக்குச் சம்பளம் வெட்டின எண்ணிக்கைக்கு. மாதத்துக்கு இத்தனை வெட்டு, வெட்டுக்கு இத்தனை ரிங்கிட். மெதுவாக வளரும் புல்லைப் பரிந்துரைக்கிறவன் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறான். கவ் கிராஸ் மழைக்காலத்தில் விறுவிறுவென்று வளரும். வறட்சியில் செத்தால் புதுத் துண்டு போடும் வேலையும் எங்களுக்கே. இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஒப்பந்தக்காரர்கள் நாட்டுப் புல்லை விரும்புவதில்லை என்று கருத்தரங்கில் பேசிப் பயனில்லை.

பத்து பெரிங்கிப் பக்கம் ஒரு கொண்டோவில் நிர்வாகக் குழுத் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. கடல் பக்கத்து ஓரத்தை மட்டும் மணிலாவுக்கு மாற்றச் சம்மதிக்கவைத்தேன். நட்ட சில வாரங்களில் கூப்பிட்டார்.

"தம்பி, குடியிருக்கிறவங்க எல்லாம் வந்து கேட்கிறாங்க. மண்ணுதான் தெரியுது."

"இன்னும் படரணும் டீச்சர். மழை முடியட்டும்."

"அதையே சொல்லிக்கிட்டு இருந்தா நான் கூட்டத்துல என்ன பதில் சொல்றது?"

அவர் கேட்டதும் நியாயம். அவர் கூட்டத்தில் எப்படிச் சமாளித்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் புல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை. அடுத்த வறட்சியில் அதே வளாகத்தில் நீச்சல்குளப் பக்கத்துக் கவ் கிராஸ் பழுத்தபோது, கடல் ஓரம் மங்கிய பச்சையில் நின்றது. மங்கிய பச்சைதான். மணிலா ஒருபோதும் விளம்பரப் படத்துப் பச்சைக்கு வராது. அது வேண்டுமென்பவர்கள் தாராளமாக வருஷா வருஷம் துண்டு வாங்கலாம்.

புல் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். மணிலாவுக்கு நல்ல வெயில் வேண்டும். உயரமான பிளாக்கின் நிழல் விழும் இடத்தில் மெலிந்துபோகும். அங்கே கவ் கிராஸே இருக்கட்டும். மணிலா மிதித்தால் தாங்கும், ஆனால் தேய்ந்த இடம் ஆற நாளாகும். தெலுக் பஹாங்கில் மாசி மகத்துக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அதுவும் வறட்சி முடிந்தும் முடியாத நேரத்தில் வரும் திருவிழா. அப்படிப்பட்ட இடத்தில் நடைபாதைக்கு மணலையே விட்டுவிட்டு, இருபுறமும் புல்லை வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அலை அரிப்பையும் புல் தடுக்காது. அதன் வேர் மேல்மண்ணைத்தான் பிடிக்கும்; அடியிலிருந்து மணலை உருவும் அலைக்கு அது பொருட்டே இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் என்ன நடந்தது என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் இந்த மாநிலத்தில்தான் இறந்தார்கள். அதன் பிறகு கரையோரங்களில் அலையாத்தியும் சவுக்கும் நட்டார்கள், நல்ல காரியம். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு புல்வெளியை வைப்பதைவிட, அடுக்கடுக்காக வைப்பதுதான் கரையின் இயல்பு. முதலில் மணலில் படரும் அடும்பு, பிறகு மணிலா, அதற்குப் பின்னால் கடலோரப் புதர்கள், கடைசியில் பூவரசு, புன்னை. புன்னையை மலாயில் பெனாகா என்பார்கள். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் எழுவதற்கு முன், அது நிற்கும் முனைக்கு தஞ்சோங் பெனாகா என்றுதான் பெயர். இன்றைக்குப் புன்னையைச் சாலை ஓரத்திலாவது பார்க்கலாம். அடும்பைத்தான் இருக்கவிட மாட்டேன் என்கிறார்கள். கடற்கரையைச் சுத்தம் செய்கிறேன் என்று குப்பையோடு கொடியையும் வாரி எடுத்துவிட்டு, மணல் போகிறது என்று அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பந்தாய் கெராச்சுட் போல ஆமை முட்டையிடும் கரையில், திறந்த மணலுக்குள் எந்தப் புல்லையும் கொடியையும் கொண்டுபோய் நடக்கூடாது. வேர்கள் கூட்டுக்குள் புகுந்துவிடும். அங்கே செடிகள் தாமாக நின்ற கோட்டுக்குப் பின்னால் நிற்பதுதான் சரி.

இப்போது பத்து பெரிங்கிக் கொண்டோவின் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்க வந்திருக்கிறது. வெட்டின எண்ணிக்கைக்குப் பதிலாக, புல் மூடியிருக்கும் பரப்பைப் பார்த்து மாதச் சம்பளம் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நட்ட முதல் மழைக்காலத்துக்குக் களைக்கூலி தனி. அது முடியும்வரை பச்சை குறைந்ததற்கு அபராதம் கூடாது. டீச்சர் படித்துவிட்டு, "மூடியிருக்கிறதை யார் அளக்கிறது, நீங்களா?" என்று கேட்டார். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை அவரே எங்கே வேண்டுமானாலும் போட்டு எண்ணலாம் என்றேன். களைக்கூலிக்கு ஒத்துக்கொண்டார். அபராதத்தைப் பற்றிக் குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். செப்டம்பருக்குள் முடிவு தெரிய வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தட்டுகளில் கொத்துகள் தயாராக இருக்கின்றன.